எதிர்மலைக்கு ஓர் ஆள்

தகர டப்பாவில் கோதுமைமாப் பசை கொதிக்கும்வரை தவசி வாயைத் திறக்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு இல்லை. லயத்து ஆட்கள் வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். இவர் தன் காம்பரா வாசலில் குந்தி, பழைய செய்தித்தாளில் பசை தடவி, இழைத்த மூங்கிலின் மேல் சுற்றுவார். ஒரு சுற்று காய்ந்த பிறகே அடுத்த சுற்று. பக்கத்துக் காம்பரா பெரியாயி தண்ணீர்க் குடத்தோடு போகையில் ஒருநாளும் சும்மா போனதில்லை.

"கூப்பன் மாவு ரொட்டிக்கே பத்தல. இவரு காயிதத்துக்கு ஊட்டுறாரு."

"அதுவும் பசியாத்தான் இருக்கு" என்பார் தவசி, தலை நிமிராமல்.

தெமோதரைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு பிடிப்பவர் அவர். வயது நாற்பத்தாறு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணனும் தம்பியும் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். இவருக்கு மட்டும் இலங்கைப் பிரஜாவுரிமை வந்தது. எடையைக் கண்டதும் உரக்கச் சொல்வது தொழில் வழக்கம். வீட்டில் பேக்கரிப் பாணைக் கையில் தூக்கினாலும் "முக்கா றாத்தல்" என்று சொல்லிவிட்டுத்தான் பிய்ப்பார். கேட்க அங்கே யாரும் இல்லை.

சந்திரனில் ஆள் இறங்கிய வருடம் பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்துத்தான் தொடங்கினார். முழங்கை நீளத்தில் இதுவரை பதினேழு ராக்கெட்டுகள் விட்டாயிற்று. ஒன்றுகூட மேலே போனதை அவர் கண்டதில்லை. திரியைப் பற்றவைத்துவிட்டு ஓடிப் பாறைக்குப் பின்னால் படுக்க வேண்டும். தலையைத் தூக்கினால் புகைதான் மிச்சம். அது ஓடைக்குள் விழுந்து வெடிக்கிறது, ஏறுவதே இல்லை என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

"போகுதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சு என்ன? பார்த்தேன்னு சொல்ல ஒரு ஆளு வேணும்ல" என்பார் தவசி.

பெரியது மெதுவாகக் கிளம்பும், ஊரே பார்க்கும் என்று கணக்குப் போட்டு, நாலு மடங்கு பெரிதாக ஒன்று செய்தார். தேயிலைப் பெட்டிப் பலகையில் இறக்கைகள், மூக்குக்குத் தகரப் புனல். ஊரில் யாரும் வரவில்லை. ராக்கெட்டும் ஆள் உயரம் எழும்பி, தயங்கி, மலைச்சரிவின் பத்தனைப் புல்லில் சாய்ந்து கால் ஏக்கரைக் கருக்கியது. காரணம் மறுநாள் மடுவத்தில் தெரிந்தது. தராசு முள் ஐம்பதில் நிற்க, அவர் வாய் "நாப்பத்தேழு" என்றது. கூடைக்கு மூன்று றாத்தல் கழித்தே சொல்லிப் பழகிய வாய். ராக்கெட்டை எடைபோட்ட அன்றும் அப்படித்தான் சொல்லி, அந்த எடைக்கே வெடிமருந்து அடைத்திருக்கிறார். கொழுந்துக்காரப் பெண்கள் வரிசையில் நிற்க, தராசைப் பிடித்தபடி தனியாகச் சிரித்தார். "கூடையே இல்ல. கூடைக்குக் கழிச்சிருக்கேன்."

இரண்டாவது பெரியதைச் செய்ய ஏழு மாதம் பிடித்தது. இந்த முறை ஊரை நம்பவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம், எதிர்மலையில் நின்று உயரம் பார்க்க ஒரே ஓர் ஆள் போதும். அதற்கென்று அரைவட்டப் பலகையில் கோடுகள் கீறி, நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஹாலிஎலயில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஜௌபரிடம்தான் திருவிழா வாணத்துக்கான மருந்து வாங்குவது. பத்து வருடப் பழக்கம், கடைப் பலகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக. இரண்டு ஞாயிறு போய், கேட்க வாய் வராமல் ஆணி வாங்கிக்கொண்டு திரும்பினார். மூன்றாம் ஞாயிறு ஜௌபரே வாயைக் கிளறினார்.

"என்ன தவசி, இன்னும் சந்திரனுக்குப் போகல்லயா? இந்த ஆணியெல்லாம் ஏணி செய்யவா?"

தவசி அரைவட்டப் பலகையை எடுத்து மேசைமேல் வைத்தார். தரையைப் பார்த்தபடி விஷயத்தைச் சொல்லி முடித்தார்.

"கடயப் பூட்டிட்டு மலையில வந்து நிக்கச் சொல்றீங்க."

"ஆமாங்க மொதலாளி."

ஜௌபர் நூலை ஆட்டிப் பார்த்தார். "எத்தன மணிக்கு?"

மறுத்தால் சொல்லவேண்டிய வார்த்தைகளைத்தான் தவசி வழியெல்லாம் யோசித்து வந்திருந்தார். எத்தனை மணிக்கு என்று யோசித்திருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு, சாரத்தை மடித்துக் கட்டிய ஒரு சின்ன உருவம் எதிர்மலை ஏறி நின்று கையசைத்தது. தவசி திரியைப் பற்றவைத்து ஓடிப் பாறைக்குப் பின்னால் விழுந்தார். இரைச்சல் எழுந்தது. அவர் நினைத்தது சரிதான், பெரியது அவசரப்படவில்லை. தலையைத் தூக்க நேரம் கொடுத்து, புல்லை நாலாபக்கமும் சாய்த்துவிட்டு, தன் நெருப்பின் மேல் நிதானமாக எழுந்தது.

தவசி எழுந்து நின்றார். வானத்தைப் பார்க்கவில்லை. கையை நெற்றிக்குக் கொடுத்து, ஓடைக்கு அப்பால் ஜௌபரின் முகம் எவ்வளவு தூரம் அண்ணாந்து போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.