பேய் கேட்ட பெட்டி

பெட்டியின் நெற்றியில் இருக்கும் குங்குமத்தைச் சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்துவிட்டுத்தான் சீதாலெட்சுமி உட்காருவாள். மண்ணெண்ணெய் டின் வந்த பழைய மரப்பெட்டி அது. மேலே சாக்கை மடித்து ஆணி அடித்திருக்கிறது. உட்கார்ந்ததும் முறம் மடிக்கு வரும். கை பாட்டுக்குக் கொட்டைப்பாக்கைப் பிரிக்கும், வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேசும். நல்ல பாக்கு வலப்பக்கம், புழு குத்தியது இடப்பக்கம். கொஞ்ச நேரம் போனதும் சட்டென்று எழுந்து ஆற்றுப் பக்கக் கதவு வரை நடந்து, முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு திரும்பி வந்து மறுபடி உட்காருவாள். ஏன் எழுந்தாய் என்று கேட்க அந்தப் பாக்குக் கிடங்கில் ஆள் கிடையாது.

பட்டணத்தில் மஸ்ஜித் இந்தியாப் பக்கத்து மளிகைக் கடை ஒன்றுக்குப் பாக்குப் பிடித்துக் கொடுப்பது என் பிழைப்பு. பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்தாலும் வாரம் தவறாமல் ரயிலேறிக் கிள்ளானில் இருக்கும் இந்தக் கிடங்குக்கு வந்துவிடுவேன். பாக்கைப் பார்க்க வந்து சீதாக்காவின் பேச்சைக் கேட்டு நின்று, திரும்பும் ரயிலைப் பலமுறை கோட்டை விட்டிருக்கிறேன்.

சீதாக்காவுக்கு நாற்பதைத் தொடும் வயது. கட்டை உருவம், உரத்த குரல், மூக்கில் பொடி நெடி. பொடி எதற்கென்று கேட்டால், "தலை ஒரு பக்கமா கனக்குது தம்பி. ஒரு தும்மல் போட்டா ரெண்டு பக்கமும் சமமாக் கனக்கும்" என்பாள். பார்ப்பவர் யாரும் இவளை நோயாளி என்று சொல்ல மாட்டார்கள். அவளுடைய தொல்லையே அதுதான்.

அவள் புருஷன் கன்னையாவை நோயாளி என்று எல்லோருமே சொல்வார்கள். ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாய்ண்ட்ஸ்மேன். மூன்று நாலு வருஷத்துக்கு முன் உடம்பெங்கும் வலி கண்டது. ரயில்வே டாக்டர் தோளிலும் முதுகிலும் முட்டியிலும் கட்டைவிரலால் அமுக்கினார். அமுக்கிய இடமெல்லாம் மனிதர் அலறினார். டாக்டர் 'ரூமாட்டிசம்' என்று ஒரு பேர் சொல்லி, கனமான வேலை கூடாது என்று எழுதியும் கொடுத்தார். அன்றிலிருந்து லெவல் கிராசிங்கில் கேட் பார்க்கும் லேசான வேலை; கேட்டடியில், கை வைத்த நாற்காலியில் கன்னையா. ரூமாட்டிசத்தை அவர் சொல்லும்போது ஏதோ சர்க்கார் கொடுத்த பட்டம் மாதிரி இருக்கும். ரயில்வே குவாட்டர்ஸில் இருப்பவர்கள் கோழி சூப்பும் யூகலிப்டஸ் தைலமும் கொண்டுவந்து விசாரித்துவிட்டுப் போவார்கள்.

அந்தத் தைலத்தைத் தினம் தேய்த்துவிடுவது யார்? சீதாக்காதான்.

"தேய்க்கத் தேய்க்கத்தான் தெரிஞ்சுச்சு தம்பி. இவரு எங்கெங்க 'ஐயோ'ங்கிறாரோ அங்கங்க எனக்கும் வலிக்குது. ஒரே ஒரு வித்தியாசம், என்னைய அமுக்கிப் பாக்கத்தான் ஆளில்ல."

கன்னையாவின் வலி பொய்யில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அவருடைய வலி ஒரு நேரத்தில் ஓர் இடத்தில் உட்கார்ந்து கூப்பாடு போடும்; மனிதர் உள்ளதை உள்ளபடி ஊருக்கு அறிவிப்பார், பிறகு குறட்டை விடுவார். இவளுடைய வலி நேற்றுத் தோளில், இன்று தொடையில். விடிய விடியத் தூங்கி எழுந்தாலும் யாரோ அடித்துப் போட்ட மாதிரி இருக்குமாம். அந்த உடம்போடு சமைத்து, நாலு பிள்ளைகளைக் குளிப்பாட்டி, புருஷனுக்குத் தைலம் தேய்த்துவிட்டு வேலைக்கு வருவாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் அவரிடமே சொல்லியிருக்கிறாள். "எனக்கு வந்தது ஒனக்கு எப்படிப் புள்ள வரும்? இது ஆம்பள நோவு" என்று கனிவாகத் தலையைத் தடவிக் கொடுத்தாராம் அந்த உத்தமர்.

ஆஸ்பத்திரிக்கும் போனாள். அங்கே மருந்து கொடுக்கும் டிரெசர் நாக்கை நீட்டச் சொன்னார், காய்ச்சல் பார்த்தார், எத்தனை பிள்ளை என்று விசாரித்தார். "பொம்பளைங்களுக்கு இது சகஜம். சும்மா உக்காந்து யோசிக்காதே, வேலையப் பாரு" என்று விளக்கெண்ணெயைக் கொடுத்து அனுப்பிவிட்டார். "தோளு வலின்னு போனேன். வயித்தக் கலக்கி விட்டுட்டாரு" என்று சொல்லிச் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது. ஒரே வலி, ஆணுக்கு வந்தால் வியாதி, பெண்ணுக்கு வந்தால் குணக்கேடா?

கிடங்கில் பெண்கள் காலை முதல் மாலை வரை தரையில் குந்தித்தான் பாக்குப் பொறுக்க வேண்டும். குந்தினால் எழ முடியவில்லை, எழுந்தால் குந்த முடியவில்லை. உட்கார ஏதாவது கொடுங்கள் என்று மண்டோர் ரெங்கசாமியிடம் கேட்டாள். கிடங்கின் வேலையாட்களை மேய்ப்பவர் அவர்.

"வீங்கல, வெட்டுக்காயமில்ல, காய்ச்சலில்ல. எங்க வலி, காட்டு பாப்போம்" என்றார் மண்டோர்.

காட்டுவதற்கு அது என்ன கொப்புளமா? அவள் தோளைக் காட்டினாள். நேற்று இடுப்பு என்றாயே என்று மடக்கினார். பிறகு அவரே தீர்ப்பும் சொன்னார்: "எடம் மாறி எடம் போனா அது வலியில்ல, காத்துக்கருப்பு. ஓட்டிட்டு வேலைக்கு வா. இல்லாட்டி வராத."

கேட் வேலையின் சம்பளத்தில் நாலு பிள்ளைகளுக்குச் சோறு போட முடியாது. கிடங்கு வேலை போனால் வீடு தாங்காது. அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, ரயில் பாதையோரத்து முனீஸ்வரன் கோயிலில் ஈரத் தலையோடு போய் உட்கார்ந்தாள். அன்று நானும் அங்கே இருந்தேன். முன்வரிசையில் மண்டோர் ரெங்கசாமி, கைகட்டி, வாய்பொத்தி. முதலாளியிடம்கூட அப்படிக் குனிய மாட்டார். ஆனால் பேய் என்றால் மனிதருக்கு உடம்பெல்லாம் நடுக்கம். கோயில் வாசலில் நிற்கும் முனியாண்டி மரத்தைத் தாண்டும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவார்.

பூசாரி தம்புசாமி உடுக்கையை அடித்தார், வேப்பிலையால் விசிறினார். வந்த பேயிடம் என்ன வேண்டும் என்று கேட்பது முறை. கேட்டதைக் கொடுத்தால் பேய் மலையேறும். சுருட்டு, கருவாடு, சேவல், மிஞ்சிப்போனால் ஒரு புட்டிச் சாராயம், இப்படித்தான் பேய்கள் வழக்கமாகக் கேட்கும்.

"யாரு நீ? ஒனக்கு என்னா வேணும்? சொல்லு!"

சீதாக்கா தலைமயிரை முன்னால் விரித்துப் போட்டுக்கொண்டு ஆடினாள். ஆண்குரல் ஒன்று கிளம்பியது.

"உக்கார ஆசனம் வேணும்டா!"

"எங்க? இந்த மரத்தடியிலயா?"

"கிடங்குல! பாக்குக் குவியலுக்கு முன்னால! முழங்கால் ஒசரத்துல!"

பூசாரி திகைத்துப்போய் உடுக்கையை நிறுத்திவிட்டார். "வேற?"

"நடுநடுவுல எந்திரிச்சு நடப்பேன். எவனும் ஏன்னு கேக்கக் கூடாது!"

"உத்தரவு சாமி!" என்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார் ரெங்கசாமி.

திங்கட்கிழமை பெட்டி வந்துவிட்டது. அவரே சாக்கை மடித்து ஆணி அடித்து, குங்குமமும் வைத்திருந்தார். போகும்போதும் வரும்போதும் அதற்கு ஒரு சின்னக் கும்பிடு. வலி அவளை விட்டுப் போகவில்லை. ஆனால் உட்கார்ந்தும் நடந்தும் அதைச் சமாளிக்கத் தெரிந்துகொண்டாள். குந்தியிருப்பவர்களைவிட அவள் கூடை சீக்கிரம் நிறைந்தது. பக்கத்தில் குந்தியிருந்த புஷ்பவல்லி, "பேய் பிடிச்சாத்தான் பெட்டியா அக்கா? எனக்கும் இடுப்பு விட்டுப் போகுது" என்று முணுமுணுக்க ஆரம்பித்தாள்.

ஆறு மாதம் போனது. முதலாளி பார்வையிட வருகிறார் என்று தெரிந்ததும், பூசாரியையும் கூட்டிக்கொண்டு வந்தார் மண்டோர். சாமியை மரியாதையாக மலையேற்றிவிட்டு, முதலாளி கண்ணில் படுமுன் பெட்டியை அப்புறப்படுத்திவிடலாம் என்பது திட்டம். "ஒடம்பு தெளிவாத்தானம்மா இருக்கு? சாமி போயிடுச்சா?" என்று பணிவாகக் கேட்டார்.

பாக்கு எடுக்கப் போயிருந்த நான் ஓரமாக நின்று பார்த்தேன். இன்னொரு ஆட்டம் ஆடினால் பெட்டி நிலைக்கும். தலைமுடியை அவிழ்ப்பதற்கு எவ்வளவு நேரம்?

சீதாக்கா கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டாள்.

"பேயுமில்ல, முனியுமில்ல மண்டோரே. நாந்தான் கேட்டேன். பொம்பளக் கொரல்ல மொதல்ல கேட்டேன், ஒங்க காதுல விழல. ஆம்பளக் கொரல்ல கேட்டேன், தரையில விழுந்து கும்பிட்டீங்க. வலி எனக்குத்தான். இப்பவும் இருக்கு, நாளைக்கும் இருக்கும். பெட்டி வேணும்னா எடுத்துக்குங்க. என் வாயால கேட்டதுக்குக் குடுத்தா உக்காருறேன்."

மண்டோர் முகம் கறுத்தது. பூசாரி கோயிலில் வேலை இருப்பதாகச் சொல்லி நழுவினார். அப்போது புஷ்பவல்லி எழுந்தாள். காலிச் சாக்குகளைச் சுருட்டி அடுக்கி, அதன் மேல் உட்கார்ந்து முறத்தை எடுத்தாள். அடுத்தவளும் சாக்கைச் சுருட்டினாள். ஒருத்தி பின் ஒருத்தியாக, கிடங்கில் குந்தியிருந்த பெண்கள் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். பாக்கு விழும் சத்தம் மட்டும் சடசடவென்று கேட்டது. கை தட்டலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது, அவ்வளவு சந்தோஷம்! முதலாளி வந்தார், நிறைந்த கூடைகளைப் பார்த்தார், கணக்கு எழுதிக்கொண்டு போய்விட்டார். மறுவாரம் நான் போனபோது பக்கவாட்டில் நீளமாக இரண்டு பெஞ்சுப் பலகைகள் கிடந்தன.

பெஞ்சு வந்த பிறகும் சீதாக்கா பெட்டியை விடவில்லை. மண்டோரும் குங்குமத்தை விடவில்லை. யார் கண்டது, அவள் சொன்னது பொய்யாகிப் பேய் நிஜமாக இருந்துவிட்டால்? தினம் காலையில் அவர் வைப்பார், இவள் துடைப்பாள்.

கன்னையாவுக்கும் சேதி எட்டியது. அன்று சாயந்தரம், "திரும்பி உக்காரு புள்ள" என்று தைலப் புட்டியைத் தானே எடுத்தார். "பாதி புட்டியக் கொட்டிட்டாரு தம்பி. ஆனா அமுக்குற எடம் தெரியுது" என்றாள் சீதாக்கா. அதைச் சொல்லும்போது அந்த உரத்த குரல் கொஞ்சம் இறங்கித்தான் போயிருந்தது.

போன வாரம் கிடங்குக்குள் நுழைந்தேன். அவள் எதிரில் மண்டோர் ரெங்கசாமி இடுப்பில் ஒரு கையும் தோளில் ஒரு கையுமாக வளைந்து நின்றார். முந்தாநாள் முதுகில் இருந்ததாம், இன்று இங்கெல்லாம் வந்துவிட்டதாம், என்னவென்றே தெரியவில்லையாம். பெண்கள் முறத்தை நிறுத்திவிட்டார்கள்.

"வீங்கியிருக்கா? காய்ச்சலா?" என்றாள் சீதாக்கா.

"இல்லையேம்மா."

"எங்க வலி, காட்டுங்க பாப்போம்."

கிடங்கே சிரித்தது. மண்டோருக்கும் சிரிப்பு வந்தது, சிரித்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டு "அம்மாடி" என்றார். சீதாக்கா எழுந்தாள். அன்று காலை என்னவோ துடைக்காமல் விட்டிருந்த குங்குமத்தைச் சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாள். பிறகு பெட்டியைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள்.