சகனில் அத்தாவின் பக்கம்

எங்கள் குடும்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்த முதல் ஆள் நான். ஆண்பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பரீட்சை எழுதி முடித்து செங்கல்பட்டில் வீட்டோடு இருந்த கோடையில், கோவளத்திலிருந்து அக்கா ஆள் அனுப்பினாள். படித்தவள் வந்தால்தான் முடிகிற காரியம் ஒன்று இருக்கிறதாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பூகோளப் புத்தகத்தையும் துணிமணியோடு சுருட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அந்தக் காரியம் அக்காவின் மகள்தான்.

மச்சான் பினாங்கில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்த்தார். அக்கா வயிற்றில் பிள்ளை இருக்கும்போது கப்பலேறியவர். பிள்ளைக்கு இப்போது ஐந்து வயது ஆகப்போகிறது. நோன்புப் பெருநாள் கழித்து வருவதாக எழுதியிருந்தார்.

"எதிர் வூட்டுப் பையனைப் பாத்தே இல்ல? அவங்கத்தா ரங்கூன்லேர்ந்து வந்து ரெண்டு மாசம் இருந்தாரு. கடேசி வரைக்கும் அந்தப் புள்ள அவரை 'அந்த மாமா'ன்னுதான் சொல்லிச்சு. திரும்பிப் போற அன்னிக்கு மனுசன் பொட்டியத் தூக்கவே மாட்டாம நின்னாரு" என்றாள் அக்கா. "என் வூட்ல அப்படி ஆகக் கூடாது. இவ வாயால 'அத்தா'ன்னு கூப்புடணும். நீதான் படிச்சவளாச்சே, புரிய வையி."

இது என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன்.

அந்தப் பிள்ளையை எல்லாரும் சின்னவள் என்போம். அவளுக்குச் சிநேகிதம் எல்லாம் பக்கத்துக் குப்பத்துப் பிள்ளைகளோடு. காலையில் மணலுக்கு ஓடினால் சாப்பாட்டுக்குத்தான் வருவாள். நான் போன மறுநாள் அவளோடு கூடவே போனேன். கட்டுமரங்கள் ஒவ்வொன்றாகக் கரையேறிக்கொண்டிருந்தன. அவள் வயதே இருக்கும் ஒரு மீனவப் பெண், இடுப்பில் கை வைத்துக்கொண்டு இவளைக் கேட்டாள்:

"எங்க நைனா வந்துட்ச்சு. உங்க நைனா இன்னாடி, இன்னும் வரல?"

"வந்துகினே இருக்காரு."

"எப்பப் பாரு இதையே சொல்லு. அப்படி இன்னா மீனுடி புடிக்கிறாரு?"

"பெரிய மீனு" என்றாள் எங்கள் பிள்ளை, இரண்டு கையையும் முடிந்தமட்டும் விரித்து. "உங்க மரத்துல எல்லாம் அது புடிக்காது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தால் அவள் கணக்கில் தப்பே இல்லை. அவள் கண்ட அப்பாக்கள் எல்லாரும் இருட்டோடு கடலுக்குள் போகிறார்கள், வெயில் ஏறியதும் மீனோடு வருகிறார்கள். அவள் அத்தாவும் கடலைத் தாண்டித்தான் போனார். வர நேரமானால் மீன் பெரிதாக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் பூகோளப் புத்தகத்தைப் பிரித்தேன். "இதோ பாரு, இது நம்ம ஊரு. இந்த நீலம் கடல். இந்தக் கோடியில இருக்கில்ல, அதுதான் பினாங்கு. அங்க அத்தா துணிக்கடையில இருக்காரு. மீன் புடிக்கல."

அவள் குனிந்து பார்த்தாள். எங்கள் ஊரில் ஒரு விரலையும் பினாங்கில் ஒரு விரலையும் வைத்தாள். அவளுடைய சின்னக் கைக்கே எட்டிவிட்டது.

"இவ்ளோ கிட்டவா?"

"இது படம் குட்டி. நெசத்துல ரொம்பத் தூரம்."

அதை அவள் காதில் வாங்கவில்லை. விரலை எடுக்காமலே கேட்டாள். "இவ்ளோ கிட்ட இருந்துகினு ஏன் வரல? என்னைப் புடிக்கலியா?"

அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றுவிட்டது. அவள் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் புத்தகத்தை மூடத் தோன்றுகிறது. அன்று மூடித்தான் வைத்தேன். மீன் பிடிக்கிற அத்தாவையாவது பிள்ளைக்குப் பிடித்திருந்தது. நான் கொடுத்த அத்தா, கூப்பிடு தூரத்தில் இருந்தும் வராத மனிதர்.

நோன்பு மாதம் முழுக்க அவள் அத்தாவைப் பற்றிப் பேசவில்லை. கடற்கரைக்கும் அவ்வளவாகப் போகவில்லை. சுவரில் துருக்கித் தொப்பியோடு மச்சான் படம் மாட்டியிருந்தது. தூங்கும் முன் அதற்கு ஸலாம் சொல்வது அவள் வழக்கமாம். அதையும் விட்டுவிட்டாள். அக்கா என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பெருநாள் அன்று பகலில் அக்கா சகன் வைத்தாள். பெரிய தட்டு நிறையச் சோறும் நடுவில் கறியுமாக வைத்து, சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவது எங்களில் வழக்கம். அவரவர் முன்னால் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். அடுத்தவர் பக்கம் கை நீளக்கூடாது. இது மட்டும் சின்னவளுக்கு அத்துப்படி. ஒரு முறை என் விரல் அவள் பக்கம் போனதற்கு, "எல்லை தாண்டாதே சின்னம்மா" என்று புறங்கையில் தட்டியவள்.

அன்று அக்கா, நான், அவள், மூன்று பேர்தான். சாப்பிடச் சாப்பிட, தட்டில் நாலாவது பக்கம் யாரும் தொடாமல் குவியலாக நின்றது. அக்கா அதை அவள் பக்கம் தள்ளப் போனாள்.

"வாணாம்மா. அது யாரு பக்கம்?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. "அது அத்தா பக்கம்."

"அத்தாதான் இல்லியே."

"ஆள் இல்லன்னா பக்கம் போயிடுமா? நீ தண்ணி குடிக்க எழுந்து போனா உன் பக்கத்தை நாங்க தின்னுடுவோமா?"

"தின்னக் கூடாது!"

"அதேதான். அவரு எழுந்து தூரமாப் போயிருக்காரு. ரொம்பத் தூரம், அதான் நேரமாவுது. உனக்கு சட்டை, உங்கம்மாவுக்குச் சேலை, எல்லாம் வாங்க வேலைக்குப் போயிருக்காரு. அவரு பக்கம் அப்படியே இருக்கு."

அவள் அந்தச் சோற்றையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு விரலால் சுற்றி ஒரு கோடு இழுத்தாள். சாப்பிட்டு முடித்ததும் அந்தப் பக்கத்துச் சோற்றைக் கோழிக்கும் போட விடவில்லை. வாசலில் வந்த ஒரு கிழவருக்குத் தன் கையால் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "எங்கத்தாவோடது" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தினமும் சகன்தான். சாதாரண ரசம் சோற்றுக்கும் பெரிய தட்டு இறங்கியது. அக்கா அலுத்துக்கொண்டே கழுவுவாள். சுவர்ப் படத்துக்கு மறுபடி ஸலாம் கிடைத்தது.

மச்சான் வந்தது ஒரு மத்தியானம். கேளம்பாக்கம் வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து வண்டி பிடித்து இறங்கினார். படத்தில் இருந்தவருக்கு முடி அடர்த்தி. வந்தவருக்கு முன்தலை வழுக்கை. தொப்பியும் இல்லை. சின்னவள் என் தாவணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் பிஸ்கோத்து டப்பாவை நீட்டினார். கண் திறந்து மூடுகிற பொம்மையை நீட்டினார். அவள் ஒரு கண்ணால் பார்த்துவிட்டு என் காதில் சொன்னாள்: "அந்த அத்தாவுக்குத் தொப்பி இருக்கு."

அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். பொம்மையைக் கீழே வைத்துவிட்டு, முகம் கழுவ என்று கொல்லைப் பக்கம் போனார். அக்கா அடுப்படிக்குள் போய்விட்டாள். எதிர் வீட்டுப் பையன் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கா அவருக்குத் தனியாகத் தட்டு வைக்கப் போனாள். நான் அதைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டு, சகனை எடுத்துக் கொடுத்தேன். மச்சானோடு ஒரே தட்டில் நான் உட்காருவது முறையில்லை. அதனால் கதவோரம் நின்றுகொண்டேன். சின்னவளை அக்கா பக்கத்தில் உட்காரவைத்தேன். அவர் வந்து, காலியாக இருந்த இரண்டு பக்கத்தில் ஒன்றில் உட்கார்ந்தார். அது நான் வழக்கமாக உட்காரும் இடம்.

சின்னவள் நிமிர்ந்தாள். தட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"அது சின்னம்மா பக்கம்."

"அப்படியா? எனக்குத் தெரியாதே. நான் எங்க உக்காரணும்?"

எதிர்ப் பக்கத்தைக் காட்டினாள். அவர் ஒன்றும் கேட்காமல் எழுந்து போய் அங்கே உட்கார்ந்தார். பிஸ்மி சொல்லி இரண்டு வாய் சாப்பிட்டார். வெளிநாட்டில் இத்தனை வருஷம் தனித்தட்டில் தின்றவருக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கும். இல்லை, பிள்ளைக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்ற தவிப்பாகவும் இருக்கலாம். நல்ல கறித்துண்டாக ஒன்றை எடுத்து அவள் பக்கம் கொண்டுபோய் வைத்தார்.

பட்டென்று புறங்கையில் ஒரு அடி விழுந்தது.

"எல்லை தாண்டக்கூடாது அத்தா!"

மச்சான் அடிபட்ட கையை இழுக்காமல் தட்டின் மேலேயே வைத்திருந்தார். "தெரியாமப் பண்ணிட்டேன்மா" என்றார். அக்கா உப்பு எடுத்து வருவதாகச் சொல்லி எழுந்தாள். உப்பு அவள் காலடியிலேயே இருந்தது.

சின்னவள் அந்தக் கறித்துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மென்றுகொண்டே, நான் உட்காரும் பக்கத்துச் சோற்றைச் சுற்றி விரலால் ஒரு கோடு இழுத்தாள்.

"சின்னம்மா வர்ற வரைக்கும் இதை யாரும் தொடக்கூடாது. அத்தா, உங்களுக்குந்தான் சொல்றேன்."

ஆசிரியைப் பயிற்சிக்கு இடம் கிடைத்து நான் கோவளத்தை விட்டு வந்து பல மாதமாகிவிட்டது. இங்கே விடுதியில் தனித்தட்டுதான். அங்கே சின்னவள் இன்னும் என் பக்கத்தைத் தொட விடுவதில்லையாம். அக்கா அலுத்துக்கொள்கிறாள்.