தவக்காலத்தில் இரண்டு ராத்தல்

மனிதன் ஒருவன் விண்வெளிக்குப் போய்த் திரும்பிவிட்டான் என்று ரேடியோவில் சொன்னபோது நான் ஆவூரில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். போனவன் யார்? போர் விமானம் ஓட்டுகிறவன்! அப்புறம் எனக்கு என்ன குறை? முதலில் விமானப்படை, அடுத்து புது விமானங்களை முதன்முதலாக ஓட்டிப் பார்க்கும் வேலை, அதற்கும் மேலே விண்வெளி. திருச்சியில் பஸ் மாறி மெட்ராஸ் போவதுபோல அவ்வளவு சுலபமாக முடிவு செய்துவிட்டேன்.

விமானப்படைத் தேர்வில் எழுத்து, நேர்முகம் எல்லாம் தாண்டினேன். உடல் பரிசோதனைக்கான அழைப்பு தவக்காலம் தொடங்கிய வாரத்தில் வந்தது. அம்மா உடனே கோயிலுக்குப் போய் நேர்ந்துகொண்டாள்.

"மாதாவே, ஈஸ்டர் வரைக்கும் எம்புள்ள ஒருவேளதான் சாப்புடுவான்."

வயிறு என்னுடையது, நேர்ந்துகொண்டது அவள்!

மூன்று வாரம் கழித்து மெட்ராஸில் டாக்டர் கண், காது, நெஞ்சு எல்லாம் பார்த்துத் தலையாட்டினார். எடை மெஷினில் ஏறினேன். இருக்கவேண்டிய எடைக்கு இரண்டு ராத்தல், ஏறக்குறைய ஒரு கிலோ, குறைவு.

"வீட்டுல சோறு போடலியா?" என்றார்.

விரதம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "நாளைக்குக் காலையில ஒரு தடவ பாப்பேன். அப்பவும் கொறஞ்சா ஊருக்குக் கிளம்பிடுங்க."

விரதத்தைக் காப்பாற்றினால் விமானம் போச்சு. முறித்தால் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது? வெகுநேரம் தவித்தேன் என்று எழுத ஆசைதான்; ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஹோட்டலில் இரண்டு சாப்பாடு சாப்பிட்டேன். கறியை மட்டும் தொடவில்லை, அந்தப் பயமாவது இருந்தது. காலையில் ஒரு சீப்பு பூவம்பழம், அதன்மேல் செம்பு செம்பாகத் தண்ணீர். மெஷின் முள் ஆடி ஆடிக் கோட்டைத் தொட்டது! ரோட்டுக்கு வந்து வாய்விட்டுக் கத்தினேன். எனக்குப் பைத்தியம் என்றே நினைத்திருப்பார்கள்.

ஊரில் அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள், விரதம்தான் மகனைப் பாஸாக்கியது என்று. கேட்கக் கேட்க எனக்குத் தாங்கவில்லை. உள்ளே கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அம்மா தட்டை வைத்துச் சோற்றைக் குவித்தாள்.

"நேந்துக்கிட்டவ நாந்தான? மிச்ச நாளைக்கு நானே இருந்துக்கிறேன். நீ சாப்புடுடா."

பின்னால் புது விமானங்களை ஓட்டிப் பார்க்கும் வேலைவரை போனேன்; விண்வெளி வாய்க்கவில்லை. ஆனால் எந்தப் புது விமானத்தில் எப்போது ஏறுகிறேன் என்று மட்டும் ஊருக்குக் கடிதம் எழுதியதே இல்லை. எழுதினால் அன்றைக்கு அம்மா சாப்பிட மாட்டாள்.