மாடியில் நியூசிலாந்து

லீக் ஆட்டத்தில் தோற்றால் அடுத்த ஆட்டம் இருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். நாக் அவுட்டில் அந்தப் பேச்சே இல்லை, தோற்ற அன்றே பெட்டி கட்ட வேண்டியதுதான். அப்படிப்பட்ட ஆட்டத்தில் இந்தியாவுக்கு எதிரே ஆஸ்திரேலியா வந்தால் எனக்குக் கோபம் வரும். இங்கிலாந்து வந்தால் உற்சாகம் வரும். நியூசிலாந்து வந்தால் மட்டும் பயம் வரும். அவர்கள் முறைக்க மாட்டார்கள், வாய்ச்சண்டைக்கு வர மாட்டார்கள். சிரித்த முகமாக நம்மை ஊருக்கு அனுப்பிவிட்டு, கை வேறு கொடுப்பார்கள். திட்டித் தீர்த்துக்கொள்ளக்கூட வழியில்லை.

என் கெட்ட நேரம், எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவரே நியூசிலாந்துக்காரர். அறுபத்தைந்து வயதிருக்கும். ஆசிரமத்தில் தியானம் செய்யத் திருவண்ணாமலைக்கு வந்தவர், நான்கு வருடமாக எங்களோடு இருந்தார். பருத்திப் புடவை, உடைந்த தமிழ், யாரைப் பார்த்தாலும் ஒரு கும்பிடு. கிரிக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. எனக்கு டெங்கு வந்து படுத்திருந்தபோது பத்து நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தவர் அவர்தான். இதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் செய்தது எவ்வளவு அற்பம் என்று உங்களுக்குத் தெரியாது.

2019 உலகக் கோப்பைக்கு முன்னால் அதே நியூசிலாந்தோடு ஒரு பயிற்சி ஆட்டம் நடந்தது. கொடியில் காய்ந்த துணியை எடுக்க அவர் மூன்று முறை படியிறங்கி வந்தார். மூன்று முறையும் நம் விக்கெட் விழுந்தது. வேங்கிக்காலில் அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து அடுத்தவர் மனுவில் ஓட்டை கண்டுபிடிக்கிற எனக்கு, இதில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. அரையிறுதியில் நியூசிலாந்து என்று தெரிந்ததுமே மனசுக்குள் ஒரு முடிவு எடுத்துவிட்டேன்.

அன்று அரை நாள் லீவு போட்டுவிட்டு மாடிக்குப் போனேன். "அம்மா, வீடு ஃபுல்லா கரப்பான் மருந்து அடிக்கிறோம். ராத்திரி வரைக்கும் வெளிய இருக்கீங்களா?" என்றேன். அவர் தண்ணீர் பாட்டிலையும் துணிப்பையையும் எடுத்துக்கொண்டு உடனே கிளம்பிவிட்டார்.

அவர் போனதும் நியூசிலாந்து ஒவ்வொரு ரன்னுக்கும் திணறியது. நான் என் கணவரை ஜெயித்த பார்வை பார்த்தேன். அப்போதுதான் ஆட்டம் நடந்த ஊரில் மழை பிடித்துக்கொண்டது. மிச்சத்தை மறுநாள் ஆடுவார்கள் என்றார்கள். ராத்திரி திரும்பி வந்தவர் மருந்து வாசனையே இல்லாத வீட்டுக்குள் நுழைந்து, என்னைக் கும்பிட்டுவிட்டு மேலே போனார்.

மறுநாள் நான் மாடிப்படியில் கால் வைத்ததும் என் கணவர் வழிமறித்தார்.

"இன்னாம்மா இது? வயசானவங்கள இந்த வெயில்ல தொரத்தற. பாவம் இல்ல?"

"நேத்து அவங்க இல்லாததாலதாங்க கட்டுப்படுத்தினோம். இன்னைக்கு ஒரு நாள்தான்" என்று சொல்லிவிட்டு மேலே போனேன். இந்த முறை கரையான் மருந்து. அவர் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். "சரிம்மா" என்றார். அந்தப் பார்வையிலேயே நான் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. கேட் சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் டிவியைப் போட்டேன்.

நம் ஆட்டக்காரர்களில் முதல் மூன்று பேரும் ஆளுக்கு ஒரு ரன்னில் வெளியேறினார்கள். அப்புறம் கொஞ்சம் நிமிர்ந்தோம், இதோ எட்டிப்பிடித்துவிட்டோம் என்று நான் நாற்காலி நுனிக்கு வந்தபோது, கடைசி நம்பிக்கையாக நின்றவர் ரன் அவுட். எல்லாம் முடிந்தது. தெருவில் ஒரு சத்தமில்லை. என் கணவர் டிவியை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அரை மணி நேரம் கழித்து மாடி அம்மா வந்தார். கேட்டைத் திறந்தவர் உள்ளே வராமல் அங்கேயே நின்றார். முகம் வெயிலில் கன்றிப்போயிருந்தது. செருப்பைக் கையில் வைத்திருந்தார், கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"மேட்ச் முடிஞ்சதா? நான் உள்ள வரலாமா?" என்று கேட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. "எங்கம்மா போயிருந்தீங்க?" என்றேன்.

"அடி அண்ணாமலை. நேத்து டீக்கடையில சொன்னாங்க, உங்க ஊரும் எங்க ஊரும் ஆடுறாங்கன்னு. அப்போ புரிஞ்சது, ஏன் மருந்துன்னு. அதான் இன்னைக்கு மலைக்கு அந்தாண்ட நடந்து போய் உக்காந்துட்டேன். நடுவுல மலை இருந்தா உங்களுக்கு நல்லதுன்னு நெனச்சேன்." கொஞ்சம் தயங்கினார். "உங்க முகமே சொல்லுது, அப்பவும் தோத்துட்டீங்க. இன்னும் தூரம் போயிருக்கணுமா?"

கேலி என்றால் தாங்கியிருப்பேன். அவர் நிஜமாகவே கேட்டார். கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்து, டிவிக்கு எதிரே இருந்த என் நாற்காலியில் உட்காரவைத்தேன். என் கணவர் வெந்நீர் வைக்க ஓடினார்.

"நீங்க வீட்டுலயே இருந்திருக்கணும்மா" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

தோற்றதற்குத்தான் அழுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். "அழாதம்மா, அடுத்த வாட்டி ஜெயிப்பீங்க" என்று என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.