தோளில் போன கூரை

பிள்ளைகளே, ஒரு வீடு நடந்து போனதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

சண்டை நின்றிருந்த காலம் அது. உருத்திரபுரத்தில், ஊரைவிட்டுப் போயிருந்த ஒருவருடைய காணியில் கொட்டில் போட்டு இருந்தோம். சண்டையில் மூடிக் கிடந்த பாதை திறந்ததும் காணிக்காரர் திரும்பி வந்துவிட்டார். நல்ல மனிதர். மழைக்கு முன் காணியைவிட்டு எழும்பினால் போதும் என்றார். வாய்க்காலுக்கு அப்பால் எங்களுக்கு ஒரு துண்டு நிலமும் கிடைத்தது. ஆனால் கூரையில் வேய்ந்த தென்னோலைக் கிடுகு பழசு; பிரித்தால் நொறுங்கிவிடும். புதிதாக வேய வழியில்லை. அம்மா வானத்தையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தபடி இருந்தார்.

அந்த நேரம்தான் அம்மாவின் தம்பி, என் மாமா, வந்து சேர்ந்தார். கனடாவுக்கென்று புறப்பட்டு, ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் நடுவழியில் கைவிட, பிலிப்பைன்சிலேயே பல வருடம் கிடந்தவர். வாயைத் திறந்தால் அந்த நாட்டுக் கதைதான்.

"எந்தக் கப்பலில ஏறினாலும் அந்தச் சனம் வேலைக்கு நிக்கும் அத்தான். ஊர் ஊராய்ப் போய் மற்றவையின்ர கிழடுகளைப் பார்க்கிறதும் அவைதான். பெரிய நாடுகள் மேசை போட்டுப் பேசிக்கொண்டிருக்க, உலகத்தைத் துடைச்சுக் கழுவிறது அவை."

"எங்களுக்கும் மேசை போட்டுத்தான் பேசுகினம் மச்சான்," என்றார் அப்பா. "அதுக்குள்ள மழை வந்திடும்."

"அங்க நாட்டுப்புறத்தில வீடு மாறுறதெண்டால், அயலெல்லாம் வந்து வீட்டையே தோளில தூக்கிக்கொண்டு போகும். கூலியில்லை. வீட்டுக்காரர் சோறு குடுப்பினம், அவ்வளவுதான்."

"சுவரையுமோ தூக்குவினம்?" என்று கேட்டார் அப்பா.

மாமா யோசிக்காத இடம் அது. அங்கே மூங்கில் வீடு, கால்களில் நிற்கும். எங்களுடையதோ மண்சுவரும், கூரையைத் தாங்க நிலத்தில் நட்ட கப்புகளும்.

அம்மாதான் முடிவு சொன்னார். "சுவர் கிடக்கட்டும். மண்தானே, குழைச்சு எழுப்பலாம். கூரை வந்தால் காணும்."

அடுத்த நாள் அயல் திரண்டது. முதலில் தோள் கொடுக்க வந்தவர் அந்தக் காணிக்காரர். கப்புகளை அடியோடு அறுத்து, குறுக்கே நீளத் தடிகள் கட்டினார்கள். மாமா தனக்கு வந்த உற்சாகத்தில் பிலிப்பைன்ஸ் பாசையில் எண்ணத் தொடங்கிவிட்டார். ஆளுக்கொரு நேரத்தில் தூக்க, கூரை சரிந்து ஓலை கொட்டியது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"டேய், தமிழில எண்ணடா!" என்று கத்தினார் அப்பா.

தமிழில் எண்ணியதும் கூரை எழும்பியது. அதன் கீழே கால்கள் மட்டும் தெரிந்தன. பெரிய மரவட்டை ஒன்று ஊர்வதுபோல எங்கள் வீடு வாய்க்காலில் இறங்கி, ஏறி, அக்கரையில் போய் இருந்தது. அன்றிலிருந்து, நான் ஒருவரைக்கூட நேரில் கண்டிராத அந்தச் சனத்தின்மேல் எனக்குப் பெரிய மதிப்பு.

எல்லோரும் சுற்றியிருந்து சோறும் பருப்பும் சாப்பிட்டார்கள்.

"மாமா, அங்க உங்கட வீட்டையும் இப்பிடித் தூக்கினவையோ?"

"எனக்கங்க ஏதடா வீடு? நான் தூக்கப் போற ஆள். தூக்கினால் அண்டைக்கு அவையோட இருந்து சாப்பிடலாம்."

சரியான சாப்பாட்டு ராமன் என்று நான் சிரித்தேன். மாமாவும் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மாமாவின் தட்டில் இன்னும் சோறு போட்டு, பக்கத்திலேயே இருந்துவிட்டார். மாமா வயிறு நிறைய அப்போதுதானே சாப்பிட்டார், பிறகும் ஏன் போடுகிறார் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.