பெயரே இல்லாத பட்டியல்

ஹிஞ்சேவாடி ஐ.டி. பார்க்கில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், பேக்கப் மென்பொருளில் ஒரு சின்னப் பகுதியை என்னிடம் கொடுத்தார்கள். ஒவ்வொரு ஃபைலுக்கும் அதை யார் யார் திறக்கலாம் என்று ஒரு பட்டியல் உண்டு. ஃபைலைப் பிரதி எடுக்கும்போது பட்டியலையும் எடுக்க வேண்டும். ஃபைல் தொலைந்து, அதைத் திரும்பக் கொண்டுவந்தால் பட்டியலும் பழையபடி அதன்மேல் வந்து உட்கார வேண்டும். அதுதான் என் வேலை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நான் எழுதியது வெளியே போகப்போகிறது என்று ஒரு வாரமாகப் பீற்றிக்கொண்டிருந்தேன். தேஹு ரோடு ராணுவ டிப்போவில் பெட்டி தூக்கும் அப்பா, அங்கே ஒருவர் விடாமல் சொல்லிவிட்டார்.

வெளியீட்டுக்கு முந்தின நாள் மத்தியானம். சோதனைகள் எல்லாம் தேறிவிட்டன. பட்டியலில் ஒரு பெயர்கூட இல்லையென்றால் என்ன ஆகும் என்று சும்மா தோன்றியது. ஒரு ஃபைலில் எல்லோரையும் நீக்கினேன், என்னையும் சேர்த்து. திறக்கப் பார்த்தேன், அனுமதி இல்லை என்றது. பேக்கப் எடுத்து, ஃபைலை அழித்து, திரும்பக் கொண்டுவந்தேன். ஒரு சாதாரணக் கணக்கில் நுழைந்து தொட்டேன். சமர்த்தாகத் திறந்துகொண்டது.

மறுபடி செய்தேன். மறுபடியும் திறந்தது.

நான் எழுதிய ஒரு வரிதான் காரணம். பட்டியலில் பெயர் இல்லையா, எழுத ஒன்றுமில்லை, தாண்டிப் போ. நேரம் மிச்சம் என்று அதில் எனக்குப் பெருமை வேறு. பெயரே இல்லாத பட்டியல் என்றால் யாரும் திறக்கக்கூடாது என்று அர்த்தம். அப்படித் தாண்டியதால் பட்டியலே இல்லாமல் திரும்பி வந்த ஃபைலோ, தான் இருக்கும் ஃபோல்டரின் பட்டியலை எடுத்துக்கொள்ளும். அந்த ஃபோல்டர் எல்லோருக்கும் திறந்து கிடந்தது.

எங்கள் டீமின் லீட் சிஞ்ச்வட்டிலேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ் அக்கா. அவரிடம் சொன்னால் என் பகுதி நாளைக்குப் போகாது. சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து சொன்னேன்.

"அரே, யாருடி எல்லாரையும் எடுத்துட்டு ஒரு ஃபைல வெப்பா?"

"யாராவது ஒருத்தர் மேல புகார் வந்திருக்கு, விசாரணை முடியிற வரைக்கும் அந்த ஃபைல யாரும் பார்க்கக்கூடாதுன்னா?"

அக்கா நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டார். "எழுதினது யாரு?"

"நான்தான்."

"பிடிச்சது?"

"அதுவும் நான்தான் அக்கா."

"திருடியும் நீயே, போலீசும் நீயே! சரி, உன் பகுதிய வெளிய எடு. அடுத்த ரிலீஸ்ல பாக்கலாம்."

வீட்டில் அப்பா வாசலிலேயே கேட்டார். "நாளைக்குப் போகுதா?"

"போகல. என் தப்பு."

"டிப்போல கேட்டா என்ன சொல்றது?"

"நானே கண்டுபிடிச்சேன்னு சொல்லுங்க."

அவருக்கு அது போதவில்லை, முகத்தில் தெரிந்தது. எனக்குப் போதுமாக இருந்தது. சாப்பிடும்போது இன்னொன்று தோன்றியது: பட்டியலில் இருக்கும் ஒரே ஆள் வேலையை விட்டுப் போய்விட்டால்?