முழங்காலுக்குக் கீழே

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் கன்யேரே முதலில் தரையில் இருக்கும் குழந்தையைத் தூக்கி மேசைமேல் உட்கார வைக்கிறாள். வணக்கமெல்லாம் பிறகுதான். எங்கள் வீட்டில் என் பேத்தியை மரவள்ளிக் கீரைச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். "சட்டிக்கு இடம் இருக்கு, புள்ளைக்கு இல்லையா?" என்று என் மருமகளைக் கடிந்துகொண்டாள். எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது; ஆபத்தில்லை. அது அவளுக்கும் தெரியும். கை கேட்பதில்லை.

எரிமலை ஆய்வகத்தில் நிலத்திலிருந்து கசியும் வாயுவை அளப்பது அவள் வேலை. அதே ஆய்வகத்தில் மழையையும் ஏரி மட்டத்தையும் அளந்து ஓய்வு பெற்றவன் நான். கீவு ஏரியின் வடகரையில், எரிமலைக் குழம்பு இறுகிய கறுப்புப் பாறைப் பள்ளங்களில் கரியமில வாயு ஊறித் தேங்கும். நிறமில்லை, காற்றைவிடக் கனம். நிற்பவன் பிழைப்பான், ஆடு சாகும், தவழும் குழந்தை சாகும். நாங்கள் அதை மசூக்கு என்கிறோம். வெயிலேறிக் காற்றெழுந்தால் கலைந்துவிடும். விடியலில்தான் மிக மோசம்.

மலை உச்சியின் நெருப்பைப் படம்பிடிக்கக் கண்டம் தாண்டி வருகிறார்கள். இதைப் பார்க்கக் குனிய வேண்டும், யாரும் குனிவதில்லை. கன்யேரே குனிகிறாள். கருவி தோளில் இருந்தாலும் கையில் ஒரு நீளக்கழியும் அதில் தொங்கும் மண்ணெண்ணெய் விளக்கும் இருக்கும்; வாயுவுக்குள் இறக்கினால் சுடர் அணைந்துவிடும். "கருவி காட்டுற அளவைச் சொன்னா தலையாட்டுறாங்க. விளக்கு அணைஞ்சாத்தான் வாய மூடுறாங்க" என்பாள். அவள் நட்ட எச்சரிக்கைப் பலகை ஒன்று ஒரு வீட்டில் பீன்ஸ் சட்டிக்கு அடியில் எரிந்துகொண்டிருந்தது. சட்டியை இறக்கி, பாதி வெந்த பலகையைத் தண்ணீர் ஊற்றி அணைத்து, அதையே கொண்டுபோய் மறுபடி நட்டாள்.

சென்ற மாதம் பலூமே என்ற நிலக்காரர் பள்ளத்தில் ஒரு குழந்தைகள் காப்பகம் கட்டினார். மீன் விற்கும் பெண்கள் இருட்டோடு படகுத்துறைக்கு ஓடுகிறவர்கள். தூங்கும் பிள்ளைகளைப் பாயில் கிடத்திவிட்டுப் போகலாம் என்பது ஏற்பாடு. மசூக்கு உள்ளே வராமலிருக்க இடுப்புயரத்தில் கறுப்புக் கல் சுவரும் எழுப்பினார். இந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்யும் தவறு அது. வாயு வெளியிலிருந்து வருவதில்லை, தரையிலிருந்து ஊறுகிறது. சரிவில் வழிந்து போயிருக்கக்கூடியதைச் சுவர் தொட்டிபோல் பிடித்து வைக்கிறது.

திறப்பு விழா நண்பகலில். பலூமே விளக்கைத் தரையில் வைத்தார், எரிந்தது, கைதட்டினார்கள். கன்யேரே கத்தினாள்: "உச்சிவெயில்ல எரியும்யா! உங்க விருந்தாளி நேரத்துக்கா சாவு வரும்?"

மறுநாள் விடியும் முன் அவள் என்னையும் இழுத்துக்கொண்டு போய் வாசலை மறித்து நின்றாள். முதுகில் பிள்ளைகளோடு பெண்கள் வந்தார்கள். பின்னாலேயே பலூமே. அவள் கழியைச் சுவருக்குள் இறக்கினாள். இடுப்பளவில் எரிந்த விளக்கு முழங்காலை எட்டுமுன்பே செத்தது.

"திரி ஈரம்" என்றார் பலூமே.

"ஈரத் திரி இடுப்புகிட்ட மட்டும் எப்படிய்யா எரிஞ்சது?" என்றாள் ன்சிமிரே என்ற மீன்காரி. பெண்கள் சிரித்தார்கள். ன்சிமிரே மட்டும் சிரிக்கவில்லை. முதுகுத் துணியை இன்னும் இறுக்கிக் கட்டினாள். "எம்புள்ள மீன்கூடைக்குள்ளயே தூங்கட்டும்."

பலூமேவுக்கு முகம் கறுத்தது. "படிச்சவ பேச்சக் கேட்டு நடுங்குறீங்க. பாருங்க, நானே உக்காந்து காட்டுறேன்!" உள்ளே போய்ப் பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"எந்திரிங்க" என்றாள் கன்யேரே.

"மாட்டேன்."

அதற்குள் மூச்சு வாங்கியது. ஏதோ சொல்ல வாயெடுத்தார், வரவில்லை. தலை தொங்கியது.

கன்யேரே உள்ளே பாய்ந்தாள். "இதே பள்ளத்துல மூணு ஆடு செத்துதே, அப்பவாச்சும் உறைச்சுதா? ஊரான் புள்ளைகள வச்சுத்தான் சோதிப்பியா, பிடிவாதம் புடிச்ச கெழட்டு எருமை!" மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தாள். எழுந்தபோது மீண்டும் வசவு. பலூமேவின் இரு அக்குளிலும் கைகொடுத்து, அந்தப் பெரிய உடம்பைத் தரையிலிருந்து தூக்கி, அவர் கட்டிய சுவரின்மேலேயே உட்கார வைத்து, இருமத் தொடங்கியவர் சாய்ந்து விழாதபடி சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.